மருத்துவர்கள் கூடி எழுதும் இணைய மருத்துவத் தளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள், நோயாளியின் வீட்டார், தமிழில் மருத்துவம் எழுத வருபவர்கள் என்று பல தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

டாக்டர்களே எழுதுற மருத்துவ விக்கின்னு சொல்றாங்களே, அது விக்கிப்பீடியாதானா, வேறயா?

விக்கிப்பீடியாவும் உண்டு, வேறு பலவும் உண்டு. யார் எழுதலாம், எழுதியதை யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம். ஆங்கில விக்கிப்பீடியாவின் மருத்துவப் பக்கங்களைக் கவனிக்க 2004 முதல் தனிக் குழு இயங்குகிறது. அதில் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், மாணவர்கள் மட்டுமல்ல, மருத்துவம் படிக்காமலே சான்று தேடுவதில் தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ போன்றவற்றுக்கு ரேடியோபீடியா. மெல்போர்னைச் சேர்ந்த கதிரியக்கவியல் மருத்துவர் ஃபிராங்க் கெயிலார்ட் 2005இல் தொடங்கியது. பதிவு செய்த எவரும் திருத்தலாம், திருத்தத்தை ஆசிரியர் குழு பார்க்கும். அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமியின் ஐவிக்கியைக் கண் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். அவசர சிகிச்சைக்கு விக்இஎம் இருக்கிறது. பிரிட்டனில் 2005இல் தொடங்கிய கன்ஃபிட்டில் பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே எழுதலாம் என்று விதி வைத்தார்கள்.

ஸ்டாட்பேர்ல்ஸ் வேறு வகை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பெயருடன் ஆசிரியர்கள் உண்டு. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் இணைய நூலடுக்கில் இலவசமாகப் படிக்கலாம். பலர் இதே வரிசையில் சேர்த்துப் பேசும் அப்டுடேட், சந்தா கட்டிப் படிக்க வேண்டியது. அதில் எழுதுபவர்களும் மருத்துவர்கள்தான் என்றாலும், வெளியிலிருந்து நாம் போய்த் திருத்த முடியாது.

டாக்டர் எழுதினதுன்னா அப்படியே நம்பலாமா?

கூடாது. இந்தப் பக்கம் முழுவதும் நாங்கள் சொல்ல வருவது இதைத்தான். இதய மருத்துவர் ஒருவர் தோல் நோய் பற்றி எழுதினால் அவருடைய பட்டம் அங்கே பெரிதாக உதவாது. தன் துறையிலேயே எழுதினாலும், பத்து வருடத்துக்கு முன் படித்ததை நினைவிலிருந்து எழுதினால் அது பழையதாக இருக்கும்.

எழுதியவர் யார் என்பதைவிட, எழுதியது எங்கிருந்து வந்தது என்று காட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பாருங்கள். அந்த வரிக்குச் சான்று உண்டா, சான்று எந்த வருடத்தது, அதற்குப் பிறகு யாராவது தொட்டுப் பார்த்திருக்கிறார்களா, எந்த நாட்டு நடைமுறையை மனத்தில் வைத்து எழுதியது: இந்த நான்குக்கும் விடை கிடைத்தால் எழுதியவர் மாணவராக இருந்தாலும் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் பேராசிரியர் எழுதியதும் சந்தேகத்துக்குரியதுதான்.

விக்கிப்பீடியாவுல கண்டவங்களும் எழுதலாமே. மருத்துவத்தை மட்டும் எப்படி நம்புறது?

மருத்துவத்துக்கு அங்கே விதிகள் கடுமை. ஒரு மருந்து வேலை செய்கிறது என்று எழுத வேண்டுமானால் செய்தித்தாளோ, ஒற்றை ஆய்வோ, எலியில் செய்த சோதனையோ போதாது. திறனாய்வுக் கட்டுரை, மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டி நெறி, அண்மைக்காலப் பாடநூல் இவற்றில் ஒன்று வேண்டும். பக்கங்களைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர்கள் மாற்றம் நடந்ததுமே பார்க்கிறார்கள். கெட்ட வார்த்தை சேர்ப்பது, பத்தியை அழிப்பது போன்றவற்றைத் தானியங்கி நிரல்களே பிடித்துத் திருப்பிவிடும். அதிகம் தாக்கப்படும் ஆங்கிலப் பக்கங்களின் மேலே வெள்ளிப் பூட்டுப் படம் இருந்தால், குறைந்தது 4 நாள் பழைய கணக்கும் 10 திருத்தங்களும் இல்லாதவர் அங்கே கை வைக்க முடியாது. நீலப் பூட்டு என்றால் 30 நாள், 500 திருத்தங்கள்.

ஆனால் இந்தக் காவல் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நீரிழிவு, காசநோய், ஆஸ்துமா போன்ற பக்கங்களில் தவறான வரி சீக்கிரம் சிக்கிவிடும். மாதத்துக்குச் சிலரே திறக்கும் அரிய நோய்ப் பக்கத்தில் அதே தவறு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கக்கூடும். வெளிப்படையான விஷமத்தைவிட ஆபத்தானது, நல்ல நடையில், அமைதியாக மாற்றப்பட்ட ஓர் எண். 5 என்பது 50 ஆனதைத் தானியங்கி நிரல் எப்போதும் கண்டுகொள்ளாது.

ஒரு பக்கம் தேறுமா தேறாதான்னு சீக்கிரமா எப்படிப் பார்க்குறது?

விக்கிப்பீடியா என்றால் முதலில் மேல் வலது மூலை. வெண்கல நட்சத்திரம் இருந்தால் சிறப்புக் கட்டுரை, பச்சை வட்டத்தில் கூட்டல் குறி இருந்தால் நல்ல கட்டுரை என்று சக எழுத்தாளர்கள் பரிசீலித்துத் தேர்ந்தவை. எப்போது தேர்ந்தது என்று உரையாடல் பக்கத்தில் பாருங்கள். பல வருடம் ஆகியிருந்தால் அந்த முத்திரைக்கு வலு குறைவு. அடுத்து, பக்கத்தின் தலையில் "சான்று போதாது" என்பது போன்ற அறிவிப்புப் பட்டை உண்டா என்று பாருங்கள். பிறகு சிகிச்சைப் பகுதிக்கு மட்டும் போய், அங்குள்ள சான்றுகளின் வருடங்களை எண்ணிப் பாருங்கள். வரலாற்றுப் பகுதியில் 1950இன் நூல் இருப்பது சரிதான், சிகிச்சைப் பகுதியில் இருந்தால் சரியல்ல.

கடைசியாக "வரலாற்றைக் காட்டவும்" என்பதைத் திறந்து, உங்களுக்குத் தேவையான எண் கடந்த சில நாட்களில் மாறியிருக்கிறதா என்று இரு பதிப்புகளை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் மாற்றியவர் எழுதிய சுருக்கக் குறிப்பைப் படியுங்கள். குறிப்பும் இல்லை, சான்றும் இல்லை என்றால் பழைய எண்ணையும் நம்ப வேண்டாம், புதிய எண்ணையும் நம்ப வேண்டாம். மூலத்துக்கே போய்விடுங்கள்.

ரேடியோபீடியாவில் நோய் பற்றிய கட்டுரையும், ஒரு நோயாளியின் படங்களும் விவரமும் கொண்ட நேர்வும் தனித்தனி. நேர்வைத் திறந்தால் நோயறிதல் எவ்வளவு உறுதி என்று குறித்திருப்பார்கள்: நிச்சயம், ஏறக்குறைய நிச்சயம், பெரும்பாலும் இருக்கலாம், இருக்கக்கூடும். படம் அழகாக இருக்கிறது என்று அதையே இலக்கணமாக மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். திசுப் பரிசோதனை இல்லாமல் "இருக்கக்கூடும்" என்று போட்ட படத்தை வைத்து மற்றொரு நோயாளிக்குப் பெயர் சூட்டுவது தப்பு.

ஜர்னல்ல வந்தாலே சான்றுதானே? அதுக்கும் மேல என்ன வேணும்?

இதழில் வந்தது பின்வாங்கப்படலாம். தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை லான்செட் என்ற பெயர்பெற்ற மருத்துவ இதழில்தான் வந்தது. 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. கோவிட் காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி அதே இதழில் 2020 மே மாதம் வந்த பெரிய ஆய்வு, தரவுகளைச் சரிபார்க்க முடியாததால் ஜூன் முதல் வாரத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் அதை மேற்கோள் காட்டியவர்கள் எத்தனை பேர், திரும்பிவந்து நீக்கியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் பிரச்சினை. திரும்பப் பெற்ற கட்டுரைகளைச் சுட்டிக்காட்ட விக்கிப்பீடியாவில் ஒரு தானியங்கி இருக்கிறது. சிறு தளங்களில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் வேறு. ஆகவே மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் பிஎம்ஐடி எண்ணை அந்தத் தளத்தில் போட்டுத் திறந்து பாருங்கள். திரும்பப் பெறப்பட்டிருந்தால் மேலேயே எழுதியிருக்கும். எண்ணே இல்லாத சான்றுக்குக் கூடுதல் சந்தேகம் தேவை.

மருந்தோட டோஸ் ஏன் விக்கிப்பீடியாவுல போட மாட்டேங்கிறாங்க? அதுதானே முக்கியம்?

முக்கியம் என்பதால்தான் போடுவதில்லை. மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை தரும் மருந்து. அதையே தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. புற்றுநோய்க்கு அதே மருந்து முற்றிலும் வேறு அளவில் போகிறது. எந்த நோய்க்கு, எந்த வழியில், சிறுநீரகம் எப்படி இருக்கும்போது என்பதெல்லாம் இல்லாமல் எண்ணை மட்டும் எழுதிவைத்தால், படிப்பவர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்.

பாரசிட்டமாலைப் பாருங்கள், எல்லார் வீட்டிலும் உள்ள மருந்து. குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்கு வைத்தால், 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி.க்குச் சற்று மேல். 5 மி.லி.யில் 250 மி.கி. என்றால் 3 மி.லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதில் 1.5 மி.லி.தான். "6 மி.லி. கொடுக்கலாம்" என்று எங்கோ படித்துவிட்டுச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து 6 மி.லி. கொடுத்தால் 600 மி.கி. போய்விடும். அது நான்கு மடங்கு. தளத்தில் எழுதியவர் மேல் குற்றமில்லை. அவர் முன்னால் இருந்தது வேறு புட்டி.

டோஸ் போடுற தளமும் இருக்கே. அதைப் பார்த்துச் சீட்டு எழுதலாமா?

அவசர சிகிச்சைத் தளங்கள் அளவு போடுகின்றன. வேலை நடுவே நினைவூட்டலுக்காக எழுதப்பட்டவை அவை. பயிற்சி பெற்றவர், ஏற்கெனவே தெரிந்த மருந்தை உறுதிப்படுத்திக்கொள்ளப் பார்க்கலாம். தெரியாத மருந்தை முதன்முதலாக எழுதுவதற்கு அது போதாது. இந்தியாவின் தேசிய மருந்துக் கையேடு, பிரிட்டனின் மருந்துக் கையேடான பிஎன்எஃப், மருந்துப் பெட்டிக்குள் உள்ள தாள், உங்கள் மருத்துவமனையின் நெறிமுறை இவற்றில் ஒன்றோடு ஒத்துப் பாருங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். அமெரிக்கத் தளத்தில் அசிட்டமினோஃபென் என்றிருப்பது நம் பாரசிட்டமால், அல்புட்டரால் என்றிருப்பது சால்பியூட்டமால், எபிநெஃப்ரின் என்றிருப்பது அட்ரினலின்.

ஒரே நோய்க்கு ரெண்டு தளத்துல ரெண்டு எண் இருக்கு. எது சரி?

பல நேரம் இரண்டுமே சரி. இரத்த அழுத்தம் 130/80 தொட்டாலே உயர் அழுத்தம் என்று 2017ஆம் ஆண்டு அமெரிக்க நெறி சொல்கிறது. ஐரோப்பிய, பிரிட்டிஷ் நெறிகள் மருத்துவமனையில் அளக்கும்போது 140/90 என்ற எல்லையை வைத்திருக்கின்றன. எந்த நெறியைத் தழுவியது என்று எழுதாமல் எண்ணை மட்டும் போட்ட பக்கம்தான் தவறான பக்கம்.

அலகு மாறியிருப்பதும் உண்டு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்கிறோம். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் லிட்டருக்கு மில்லிமோலில் சொல்கின்றன. அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் எண். வெறும் வயிற்றில் 7.0 என்று பார்த்தால் அது 126தான். சிறுநீரகச் சோதனையான கிரியேட்டினினுக்கு, லிட்டருக்கு மைக்ரோமோலில் உள்ள அவர்கள் எண்ணை 88.4ஆல் வகுக்க வேண்டும். கொலஸ்டிராலுக்கு 18 பொருந்தாது. ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் மூலக்கூறு எடைப்படி காரணி மாறும்.

அமெரிக்காக்காரங்க எழுதினது நம்ம ஊருக்குப் பொருந்துமா?

மாரடைப்பின் ஈசிஜி எங்கும் மாரடைப்பின் ஈசிஜிதான். எலும்பு முறிவும் அப்படியே. பொருந்தாமல் போவது தொற்றுநோய்களிலும் நச்சுக்கடிகளிலும். பாம்புக்கடி நல்ல உதாரணம். அமெரிக்கப் பக்கத்தில் கிலுகிலுப்பைப் பாம்புகளின் விஷத்துக்கான முறிமருந்து பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். ஆங்கிலத்தில் ராட்டில்ஸ்நேக் எனப்படும் அந்த விரியன் வகை நம் ஊரில் கிடையாது. இங்கே பயன்படும் பன்முக முறிமருந்து நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. அளவு, முதல் குப்பியின் கணக்கு, அடுத்து எப்போது என்பதெல்லாம் வேறு.

பாம்பு கடித்தபின் விஷம் ஏறியதா என்று பார்க்கும் இரத்த உறைவுச் சோதனையும் அப்படித்தான். ஆய்வகம் பக்கத்திலேயே உண்டு என்று வைத்து எழுதியவர்கள் அங்கே உள்ள இரத்தப் பரிசோதனைகளைச் சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது 20 நிமிட முழு இரத்த உறைவுச் சோதனை: நரம்பிலிருந்து எடுத்த 2 மி.லி. இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாய் என்றாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாய் என்றாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நின்று, விஷம் ஏறிவிட்டதாகத் தவறாகக் காட்டும். இந்த மாதிரி நுணுக்கத்தை எழுதிச் சேர்க்க வேண்டியவர்கள் இங்கே வேலை செய்பவர்கள்தான். அவர்கள் எழுதாத வரை அந்த இடம் காலியாகவே இருக்கும்.

நான் எம்பிபிஎஸ் மூணாவது வருஷம். நான் எழுதலாமா?

விக்கிப்பீடியாவிலும் ரேடியோபீடியாவிலும் தாராளமாக. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2013 முதலே மருத்துவ மாணவர்களுக்கு விக்கிப்பீடியா எழுதுவதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறார்கள். துறை வல்லுநர்களுக்கு மட்டும் என்று விதி வைத்த தளங்களில் பட்டம் பெறும்வரை காத்திருங்கள்.

புதிய கட்டுரையில் தொடங்காதீர்கள். தெரிந்த நோயின் பக்கத்தில் சான்றில்லாமல் நிற்கும் ஒரு வாக்கியத்தை எடுத்து, அதற்குப் பாடநூல் சான்றைப் பக்க எண்ணோடு சேருங்கள். அதன்பின் பழைய சான்றைப் புதிய வழிகாட்டியால் மாற்றுங்கள். மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு ஒரு பத்தி சேருங்கள். நோய்ப் பக்கங்களின் வழக்கமான அடுக்கு அறிகுறி, காரணம், நோய் உண்டாகும் முறை, நோயறிதல், தடுப்பு, சிகிச்சை, முன்கணிப்பு, பரவல் என்று போகும். உங்கள் வாக்கியம் எந்த அறைக்குரியதோ அங்கே வையுங்கள்.

கஷ்டப்பட்டு எழுதினேன், பத்து நிமிஷத்துல தூக்கிட்டாங்க. ஏன்?

பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: பாடநூல் வரிகளை அப்படியே எடுத்து ஒட்டியது; நேற்று வந்த ஒற்றை ஆய்வை வைத்து "குணமாகிறது" என்று எழுதியது; "நோயாளிகள் உடனே மருத்துவரை அணுக வேண்டும்" என்று அறிவுரைத் தொனியில் எழுதியது; டோஸ் போட்டது; சான்றே இல்லாதது. முதலாவதுதான் மாணவர்களிடம் மிக அதிகம். மன்னிப்பும் அதற்குக் கிடையாது, பதிப்புரிமைச் சிக்கல் என்பதால் வரலாற்றிலிருந்தே மறைத்துவிடுவார்கள்.

திருப்பியவரின் சுருக்கக் குறிப்பில் காரணம் இருக்கும். உடனே மறுபடி போட்டுவிடாமல், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் சான்றை வைத்துக் கேளுங்கள். "நான் டாக்டர், எனக்குத் தெரியும்" என்ற வாதம் அங்கே செல்லாது. இரண்டாம் கேள்வியில் சொன்ன அதே காரணம்தான்.

எங்க ஆஸ்பத்திரியில ஒரு அருமையான கேஸ். ஸ்கேன் படத்தைப் போடலாமா?

போடலாம், ஆனால் அடையாளத்தைக் களைவதில் பலர் சறுக்குகிறார்கள். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் டைகாம் வகைக் கோப்பில் படத்தோடு பெயர், வயது, அடையாள எண், மருத்துவமனை, தேதி எல்லாம் தனித் தகவலாக உள்ளே இருக்கும். அதை நீக்க மென்பொருள் உண்டு. அல்ட்ராசவுண்டில் பெயர் படத்தின் மேலேயே அச்சாகியிருக்கும். கோப்புத் தகவலை நீக்கும் மென்பொருள் அதைத் தொடுவதில்லை. அந்த ஓரத்தைப் படத்திலேயே வெட்ட வேண்டும்.

வெட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பவர்பாயின்ட்டில் படத்தை வெட்டினால் வெட்டிய பகுதி மறைகிறதே தவிர அழிவதில்லை. கோப்பை வாங்கியவர் ஓரத்தை இழுத்தால் பெயர் திரும்ப வந்துவிடும். கறுப்புப் பெட்டி வைத்து மூடினாலும் அப்படியே, பெட்டியை நகர்த்திவிடலாம். படம் திருத்தும் மென்பொருளில் வெட்டி, புதிய பிஎன்ஜி அல்லது ஜேபிஜி கோப்பாகச் சேமித்து, அதை மீண்டும் திறந்து நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் போனில் எடுத்த படம் என்றால் மேல் மூலைப் பெயரோடு, போன் பதிந்த இடமும் நேரமும் உள்ளே இருக்கும்.

தலையின் மெல்லிய அடுக்கு சிடியிலிருந்து முகத்தின் முப்பரிமாண உருவத்தை உருவாக்க முடியும். ஆகவே முழு அடுக்கையும் போடும்போது முகப்பகுதியை நீக்கிவிடுவது நல்லது. எழுத்திலும் கசியும். "2019 மார்ச் 4ஆம் தேதி" என்பதற்குப் பதில் "மூன்று மாதம் கழித்து" என்று எழுதுங்கள். வயதைத் தோராயமாக்குங்கள். அமெரிக்க விதிப்படி 89க்கு மேற்பட்ட வயதைத் தனியாகச் சொல்லாமல் "90 அல்லது அதற்கு மேல்" என்று ஒன்றாக்குகிறார்கள். அரிய நோய், ஊர், தொழில் மூன்றும் ஒரே வரியில் வந்தால் பெயர் இல்லாமலேயே அந்த ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேர் இல்லைன்னா பேஷண்ட்கிட்ட சம்மதம் வாங்க வேண்டாம்தானே?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ விவரத்தையோ அவர் அனுமதியின்றி வெளியிடக்கூடாது என்று இருக்கிறது. அடையாளம் வெளிப்படாதபோது சம்மதம் தேவையில்லை என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால் "அடையாளம் வெளிப்படாது" என்று முடிவு செய்வது நீங்கள். முந்தைய பதிலில் சொன்ன கசிவுகளைப் பார்த்தால் அந்த முடிவு எவ்வளவு கடினம் என்று தெரியும்.

அதனால் சம்மதம் வாங்கிவிடுங்கள். முகம், தோல், பச்சை குத்திய இடம் தெரியும் படத்துக்குக் கட்டாயம் எழுத்தில், அவர் மொழியில். இணையத்தில் போனபின் முழுமையாகத் திரும்பப் பெற முடியாது, யாரும் நகலெடுக்கலாம் என்பதையும் சொல்லி வாங்குங்கள். மருத்துவமனை நிர்வாகத்தின் அனுமதி தனி.

மருந்து கம்பெனி ஆள் வந்து தன் மருந்தைப் புகழ்ந்து எழுதிட்டா?

முயற்சிகள் நடப்பதுண்டு. காசு வாங்கி எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளில் 2014 முதல் இருக்கிறது. அறிவித்தாலும் கட்டுரையில் தானே கை வைக்காமல், உரையாடல் பக்கத்தில் பரிந்துரைத்துவிட்டுப் பிறர் சேர்க்கக் காத்திருப்பதே முறை. படிப்பவர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: பொதுப்பெயருக்குப் பதில் வணிகப்பெயர், பக்கவிளைவுப் பகுதி மெலிந்திருப்பது, ஒரே கணக்கு ஒரே மருந்தின் பக்கத்தை மட்டும் தொட்டிருப்பது. கடைசியானது வரலாற்றுப் பக்கத்தில் தெரிந்துவிடும்.

நோட்ஸ்லயும் யூடியூப்லயும் இந்தப் படங்களைப் போட்டுக்கலாமா? இலவசம்தானே?

படிக்க இலவசம் என்பதும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதும் வேறுவேறு. விக்கிப்பீடியாவின் எழுத்தை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், உங்கள் ஆக்கத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும். அங்குள்ள படங்களுக்கு உரிமம் ஒவ்வொன்றுக்கும் தனி, படத்தைச் சொடுக்கிப் பாருங்கள். ரேடியோபீடியாவின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. கட்டணப் பயிற்சி மையத்தின் நோட்ஸில் போட வேண்டுமானால் தனியாக அனுமதி கேட்க வேண்டும். நேர்வின் எண்ணையும் அளித்தவர் பெயரையும் எப்போதும் போடுங்கள்.

ஸ்டாட்பேர்ல்ஸ் இன்னும் கண்டிப்பு. வணிகமும் கூடாது, மாற்றி வெளியிடவும் கூடாது.

தமிழ்ல மொழிபெயர்த்துப் போடலாம்னு இருக்கோம். எதை எடுக்கலாம்?

மொழிபெயர்ப்பும் மாற்றி வெளியிடுவதுதான் என்பதால் ஸ்டாட்பேர்ல்ஸை அனுமதியின்றித் தமிழாக்கி வெளியிட முடியாது. விக்கிப்பீடியாவை எடுக்கலாம். எந்தப் பக்கத்தின் எந்தத் தேதிப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தது என்று திருத்தச் சுருக்கத்தில் இணைப்போடு எழுதுவது கட்டாயம். ஆங்கில எழுத்தாளர்களுக்குரிய உரிமை அங்கேதான் காக்கப்படுகிறது.

நீண்ட கட்டுரையை முழுதாக மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு அதைத் தொடாமல் விடுவதைவிட, முன்னுரைப் பகுதியை மட்டும் நன்றாகச் செய்து ஆண்டுதோறும் புதுப்பிப்பது மேல். தமிழ்ப் பக்கத்தைக் கண்காணிப்பவர்கள் குறைவு, ஆங்கிலத்தில் எண் மாறினால் இங்கே தானாக மாறாது. மொழிபெயர்ப்புக் கருவி தரும் வரைவில் எண்களையும் "இல்லை", "கூடாது" என்ற சொற்களையும் ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். இருவர் சேர்ந்து, ஒருவர் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு மற்றவர் தமிழை உரக்கப் படித்தால் விடுபட்டவை சட்டென்று சிக்கும். சான்றுகளையும் கூடவே கொண்டுவாருங்கள். அவை இல்லாத தமிழ்ப் பக்கத்தை யாரும் சரிபார்க்க முடியாது.

தீசிஸ்ல விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாமா?

வேண்டாம். அங்கிருந்து மூலத்தைப் பிடித்து, மூலத்தைப் படித்து, மூலத்தை மேற்கோள் காட்டுங்கள். படிக்காமல் அடிக்குறிப்பை மட்டும் நகலெடுப்பது இன்னும் மோசம். விக்கிப்பீடியா எழுத்தாளர் தவறாகப் புரிந்திருந்தால் அந்தத் தவறு உங்கள் பெயரில் பரவும். அதை மறுபடி யாராவது விக்கிப்பீடியாவுக்குச் சான்றாகக் கொண்டுவந்தால், தவறு தனக்குத் தானே சாட்சியாகிவிடும்.

சக வல்லுநர் ஆய்வுக்குட்பட்ட பக்கம் என்றாலும் கவனம் தேவை. ஆங்கில விக்கிப்பீடியாவின் டெங்குக் கட்டுரை 2014இல் கனடாவின் ஓப்பன் மெடிசின் இதழில் வல்லுநர் ஆய்வுக்குப் பிறகு வெளியானது. இதழில் உள்ளது அன்றைய பதிப்பு. இன்று திரையில் இருப்பது அதற்குப் பின் பலர் தொட்ட பதிப்பு. எங்காவது பக்கத்தையே குறிப்பிட வேண்டியிருந்தால் அந்தப் பதிப்பின் நிரந்தர இணைப்பைக் கொடுங்கள்.

நெட் கிடைக்காத ஊர்ல எப்படிப் பார்க்குறது?

கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் விக்கிப்பீடியாவின் மருத்துவப் பக்கங்களை மட்டும் தொகுப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். படமில்லாத தொகுப்பு மிகச் சிறியது. கோப்பின் பெயரிலேயே வருடமும் மாதமும் இருக்கும், அதைப் பாருங்கள். இறக்கிய நாளில் இருந்த தவறு அழிக்கும்வரை அப்படியே இருக்கும் என்பதால் புதுத் தொகுப்பு வந்ததும் மாற்றுங்கள்.

இதெல்லாம் நாளைக்கு மூடிட்டா என்ன பண்றது?

மூடியதும் உண்டு. மெட்பீடியா 2009இல் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற மருத்துவக் கல்லூரிகளின் ஆதரவோடு, மருத்துவர்களும் முனைவர்களும் மட்டுமே எழுதும் தளமாக வந்தது. 2013இல் நின்றுவிட்டது. பட்டம் பெற்றவர்களை மட்டும் உள்ளே விட்டால் தரம் கூடும் என்பது நியாயமான எண்ணம்தான், ஆனால் எழுதும் கை குறைந்துவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்தவும் சான்று புதுப்பிக்கவும் ஆளில்லாமல் பக்கங்கள் பழசாகின்றன.

எழுதப் போகிறவர்கள் உரிமத்தைப் பார்த்துத் தளத்தைத் தேர்ந்தெடுங்கள். திறந்த உரிமத்தில் எழுதியதை, தளம் மூடினாலும் வேறொருவர் எடுத்து நடத்தலாம்.

ஏஐகிட்ட கேட்டாலே சொல்லிடுதே, இதெல்லாம் எதுக்கு?

அது சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பக்கங்களைப் படித்துக் கற்றதுதான். சரியான விடையும் தரும். இல்லாத கட்டுரைக்குத் தலைப்பும் வருடமும், கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணும் கூடத் தரும். அது தரும் சான்றை ஐந்தாவது பதிலில் சொன்னபடி பப்மெட்டில் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் அந்த வரியை எங்கும் பயன்படுத்தாதீர்கள். அதில் எழுதவைத்து இந்தத் தளங்களில் ஒட்டுவது கூடவே கூடாது. சோதிக்க ஆள் குறைந்த இடத்தில் பார்வைக்கு ஒழுங்கான தவறைச் சேர்ப்பது, மூன்றாம் பதிலில் சொன்ன அமைதியான விஷமத்துக்குச் சமம்.

அப்பாவுக்கு ஒரு நோய் சொல்லியிருக்காங்க. நான் படிச்சுட்டுப் போய் டாக்டர்கிட்ட கேட்டா கோவிச்சுக்குவாரா?

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "நெட்டில் இந்த மருந்துதான் போட்டிருக்கு" என்பதைவிட, "இந்த வழிகாட்டி நெறியில் இப்படிப் படித்தேன், அப்பாவுக்கு அது ஏன் பொருந்தவில்லை?" என்பது பதில் வாங்கித் தரும். பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோகாமல், மூன்று கேள்விகளை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே அப்பா சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டையும், பழைய சோதனை முடிவுகளும் இருக்கட்டும். பெரும்பாலும் விடை அவற்றில்தான் இருக்கும்: சிறுநீரகச் சோதனையில் கிரியேட்டினின் அளவு கூடியிருப்பது, ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடு சேராதது.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, கை கால் திடீரென்று செயலிழப்பது, பாம்புக்கடி இவற்றில் எந்தத் தளத்தையும் திறக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.